பத்துப் பேரும் இருநூறு பேரும்

ஆலங்காயத்திலிருந்து வந்த வேன் வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. மதியழகனின் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் இறங்கினார்கள். பங்காளிகளும் மாமன் மச்சான்களுமாக எல்லோரும் திடகாத்திரமான ஆட்கள். பந்திக்கு முந்துவது போல ரத்த வங்கிக்குள் நுழைந்து, சட்டைக்கையை மடித்துவிட்டு நின்றார்கள்.

மதியழகனின் மனைவி நந்தினிக்கு ஓ நெகட்டிவ். நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்திருந்ததால் ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுக்க வேண்டும். மறுநாள் காலைக்குள் இரண்டு யூனிட் ரத்தம் தயாராக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கு விசாரித்தும் கையிருப்பு இல்லை.

"வேத்தாள் ரத்தம் வேணாம் மேடம். புள்ளைக்கும் சேருற ரத்தம். எங்க ஆளுங்களே குடுப்பாங்க" என்றான் மதியழகன், ரத்த வங்கியில் வேலை பார்க்கும் ஜாஸ்மினிடம். புத்தி கெட்ட பேச்சுதான். ஆனால் படித்தவர்களே பேசுகிற பேச்சு.

ஜாஸ்மின் ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்தாள். "பத்துல ஒருத்தர்கூட ஓ நெகட்டிவ் இல்ல சார்."

"இன்னும் ரெண்டு சித்தப்பா பசங்க இருக்கானுங்க, வரச் சொல்றேன்" என்றான்.

கூட வந்திருந்த ஒவைஸுக்குப் பொறுக்கவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருவரும் ஒரே மேசையில் சரக்குப் பரிசோதனை செய்பவர்கள்.

"இன்னா மதி, நூத்துக்கு ரெண்டு ஜோடி பழுது இருக்கிற லாட்ல, பத்து ஜோடி எடுத்துப் பாத்தா மாட்டுமா?"

"எங்க மாட்டும்? ஜாஸ்தி எடுக்கணும்."

"மேடம், ஓ நெகட்டிவ் எத்தினி பேருக்கு இருக்கும்?"

"நூத்துக்கு ரெண்டு பேருன்னு வச்சிக்கோங்க."

"கேட்டியா? ஒருத்தருகிட்ட இல்லாம போக நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. அத அதாலயே பத்து தடவ பெருக்கு."

மதியழகன் போனில் பெருக்கினான். பத்துப் பேரைக் கூட்டி வந்தால் நூற்றுக்கு எண்பத்திரண்டு முறை வெறுங்கைதான். இருநூறு பேருக்குப் போட்டான். வெறுங்கையாகும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. தனி ஆளாகப் பார்த்தால் யார் உடம்பில் எது ஓடுகிறது என்று தெரியாது. கூட்டமாகப் பார்த்தால் கணக்கு கிட்டத்தட்ட சத்தியமே செய்கிறது! ஷூவில் தினமும் பார்த்த கணக்கை மனுஷன் விஷயத்தில் மறந்துபோனோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"நம்ம ஷிப்ட்ல இருநூறு பேர் இருக்காங்க. ஆனா உன் ஆளுங்க கம்மி" என்றான் ஒவைஸ்.

மதியழகன் நந்தினியின் வார்டுப் பக்கம் பார்த்தான். "கூப்பிடுப்பா" என்றான்.

மதியமே ரத்த வங்கி வண்டி கம்பெனிக்குப் போனது. அடையாள அட்டையில் இருந்த ரத்த வகையை ஜாஸ்மின் நம்பவில்லை. பாதிப் பேர் குத்துமதிப்பாகச் சொல்லி எழுதியது. எல்லோர் விரலையும் குத்தினாள். நாலு பேர் தேறலாம் என்றது கணக்கு. மூன்று பேர் தேறினார்கள். அவர்களில் ஒருத்திக்கு ரத்தசோகை, அவளுக்குச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினாள். வாணியம்பாடியிலிருந்து வரும் தையல் பிரிவு அலீனாவும், பெட்டி ஏற்றும் அந்தோணியும் படுத்துக் கொடுத்தார்கள். மதியழகன் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் காலை பெண் குழந்தை பிறந்தது. நந்தினி கண் விழித்துச் சிரித்தாள்.

பார்க்க வந்த மாமா சுந்தரமூர்த்தி, மதியழகனை ஓரமாக இழுத்துப் போய்க் கேட்டார். "ஏம்பா, ரத்தம் குடுத்தது யாரு? நம்ம ஆளுங்கதானா?"

"ஆமா மாமா, நம்ம ஆளுங்கதான். நம்ம ஆளு நம்ம ஆளுன்னு சுருக்கிக்கினே போனா பத்துப் பேர்தான் மிச்சம். பத்துப் பேர நம்பியிருந்தா இந்நேரம் பாடை கட்டியிருப்போம். எல்லாரும் நம்ம ஆளுன்னு நெனச்சாத்தான் உசுரு பொழைக்கும்."

மதியழகன் அவர் தோளில் கை போட்டு ரத்த வங்கிப் பக்கம் திருப்பினான்.

"உங்களுது பி பாசிட்டிவ்தான மாமா? அதுக்கும் யாரோ காத்துக்கினு இருப்பாங்க. யாருக்குன்னு கேக்காம குடுத்துட்டு வாங்க."