படகுத்துறைக்கு எதிரில், இருபத்துநாலு மணி நேரமும்

அவன் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினான். மாப்பிள்ளை போய் மூன்று வாரம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் விசாரித்துவிட்டுத் தங்கள் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். இனி அவளோடு தனியாக உட்கார்ந்தாக வேண்டியவன் கூடப் பிறந்தவன் ஒருவன்தான்.

அவள் சாப்பாட்டு மேசையில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். அவன் வேலை பார்க்கும் பதிப்பகத்தின் பயண வழிகாட்டி. அவளும் மாப்பிள்ளையும் ஒரு தீவுக்குச் சுற்றுலா கிளம்பியபோது அவன்தான் கொடுத்தான். "கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்" என்று பீற்றிக்கொண்டு வேறு கொடுத்தான்.

"வாண்ணா, இங்க பாரு. 'படகுத்துறைக்கு எதிரில், இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும் மருத்துவமனை.' எதிர்ல ஒரு சந்து இருந்துச்சு. நான் அதுக்குள்ள போயிருக்கணுமோ?"

"அதை மூடி வைம்மா."

"இல்ல, கேளு. அவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்ததுமே படகுக்காரர் சொன்னார், ஏறுங்க, அரை மணியில அக்கரைக்குப் போயிடலாம், அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்குன்னு. நான்தான் வேணாம்னேன். எதிர்லயே இருக்கு, எங்க அண்ணன் புத்தகத்துல போட்டிருக்குன்னு அந்த மனுஷன்கிட்ட சண்டைக்கே போனேன். அவர் படகை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். அடுத்த படகுக்கு முக்கால் மணி நேரம். துறையில கேக்க வேற ஆளும் இல்ல. கண்ணு முன்னால இருக்கற ஆஸ்பத்திரியைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாம அவரைச் சாகக் குடுத்துட்டேன்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

வழிகாட்டிப் புத்தகத்தை எவனும் வர்ணனைக்காக வாங்குவதில்லை. பதிப்பகத்தின் ஆசிரியரே வாய்க்கு வாய் சொல்வார்: "சூரியன் மறையறதை அவனே பாத்துக்குவான்யா. பஸ் எத்தனை மணிக்கு, கக்கூஸ் எங்க, டாக்டர் எங்க? அதைச் சரியாப் போடு." அதைச் சரிபார்ப்பதுதான் அவன் வேலை. ஒவ்வொரு பதிப்புக்கும் புத்தகத்தில் உள்ள அத்தனை எண்களுக்கும் ஃபோன் அடிக்க வேண்டும். எடுத்துப் பேசினால் டிக். எடுக்காவிட்டால் ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும். ஆள் அனுப்புவதெல்லாம் எழுதி வைத்ததோடு சரி. நாளடைவில் சரிபார்க்கும் அறையில் இன்னொரு வழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. மணி அடித்தாலே டிக். "இழுத்து மூடின இடத்துல எவன்யா ஃபோனை விட்டு வெச்சிருப்பான்?" என்று ஆசிரியரே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

தீவு மருத்துவமனைக்கு மூன்று தடவை அடித்தான். மணி ஜோராக அடித்தது, யாரும் எடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். டிக் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான்.

மாப்பிள்ளையை அடக்கம் செய்த மறுநாள் தீவின் ஊராட்சி அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்டான். மருத்துவமனையை மூடி இரண்டு வருஷம் ஆகிறதாம். ஃபோன் இணைப்பை மட்டும் யாரும் துண்டிக்கவில்லையாம். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் சோம்பேறிப் பயலுக்கு அன்றைக்கு வலித்தது.

"அங்க ஆஸ்பத்திரியே கிடையாதும்மா" என்றான். "மூடி ரெண்டு வருஷம் ஆச்சு."

மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் இளகியது. "சின்ன வயசுலேர்ந்தே நீ இப்படித்தான். நான் உடைச்ச தட்டை நீ உடைச்சதாச் சொல்லிப் பழியை ஏத்துக்குவே. என்னைத் தேத்தறதுக்காக உன் புத்தகத்தையே பொய்யாக்காதேண்ணா."

அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. அப்படி இருந்ததற்காகவே தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, அவள் நம்பவில்லை, அவன் என்ன செய்வான்? இப்படியே விட்டால் ஆயுசுக்கும் அவளுக்கு அண்ணனாக இருந்துவிட்டுப் போகலாம்.

"அடுத்த வாரம் ஒரு தடவை போயிட்டு வரலாமா?" என்றாள். "நீயும் கூட வா. அந்தச் சந்துல தேடிப் பாக்கணும். எங்க கோட்டை விட்டேன்னு தெரியாம என்னால படுக்க முடியல, உக்கார முடியல."

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"தேடாதே குட்டி. உன் மேல ஒரு தப்பும் இல்ல. அதைச் சரிபார்த்தவன் நான். மூணு தடவை ஃபோன் அடிச்சேன். யாரும் எடுக்கல. மணி அடிக்குதே, இடம் இருக்கும்னு டிக் போட்டுட்டேன். நான்தான்மா. வேற யாரும் இல்ல."

அவள் கத்துவாள், புத்தகத்தை முகத்தில் விட்டெறிவாள் என்று காத்திருந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த ஆளைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"மணி அடிச்சுதா?"

"அடிச்சுது."

"எனக்கும் அடிச்சுது" என்றாள். "எங்க தேடியும் காணலைன்னதும் அவர் பக்கத்துல வந்து உக்காந்து அந்த நம்பருக்குத்தான் அடிச்சேன். திரும்பத் திரும்ப அடிச்சேன். எடுத்தாங்களான்னு அவர் கேட்டார். மணி அடிக்குதுங்க, உள்ள ஆள் இருக்காங்க, இதோ எடுத்துடுவாங்கன்னு சொன்னேன். அவர்கிட்ட நான் கடைசியா சொன்னது அதுதாண்ணா."