மெஷினுக்கு அவ்வளவுதான் தெளிவு

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. போன வாரம் கடைக்கு ஒருவர் வந்தார். கையடக்க கேம் கருவி ஒன்றை மேசைமேல் வைத்து, "இதை டிவியில மாட்டினா ஃபோர்-கே வருமா?" என்றார். இருபத்தாறு வருடமாக டிவி பழுதுபார்ப்பவனுக்கு இது அரை நிமிடக் கேள்வி. ஆனாலும் நான் "அடுத்த வாரம் வாங்களேன்" என்று அனுப்பிவிட்டு, பழைய டிவிப் பெட்டியின் அட்டையைக் கிழித்து முதல் வரியை எழுதினேன்.

அக்காவுக்குக் கண் மங்கத் தொடங்கிய வருடம், மழை விடாமல்—

அடித்துவிட்டேன். அந்த வருடம் மழை பெய்ததா என்பதே எனக்கு நினைவில்லை.

இரண்டாவது வரி: நான் அக்காவிடம் பொய் சொன்னேன். இது உண்மை. ஆனால் 'நான்' என்று எழுதியதுமே பேனா எனக்காக வக்காலத்து வாங்கக் கிளம்பிவிடுகிறது. அதனால் இனிமேல் அவன் 'தம்பி'. என்ன செய்தானோ அதை அவனே சுமக்கட்டும்.

2

அக்கா முப்பது வருடம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். எந்த டாக்டரின் கிறுக்கலும் அவளிடம் தப்பியதில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள்கூடச் சீட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடி வருவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் ஒரு காரணம், சாப்பாட்டுக்குப் பின் ஒரு காரணம் என்று கொடுத்து அனுப்புவாள்.

ஓய்வுபெற்ற பிறகு மாடியில் இரண்டு அறைகளில் தனியாக இருந்தாள். பொழுது போகட்டும் என்று தம்பி ஒரு கேம் கருவி வாங்கிக் கொடுத்தான். அதில் ஒரு தீவு, தீவில் ஒரு தபால் நிலையம். உறைகள் ஒவ்வொன்றாக வரும். முகவரியைப் படித்துச் சரியான வீட்டில் போட வேண்டும். கையளவு திரை போதவில்லை என்றதும், அவளுடைய பெரிய டிவியில் அதை மாட்டிவிட்டான். ஞாயிறு மதியம் இரண்டு பேரும் அதன் முன்னால்தான்.

கண் டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "நடுவுல மங்கிக்கிட்டே வரும்மா. ஓரம் தெரியும். எவ்வளவு சீக்கிரம்னு சொல்ல முடியாது" என்றார். படி இறங்கும்போதே அக்கா சட்டம் போட்டுவிட்டாள்.

"உறை மேல எழுத்து தெரியற வரைக்கும் நான் என் வீட்டுல. தெரியாத அன்னிக்கு மூட்டையைக் கட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துடறேன். சரியா?"

"இப்பவே வாயேன்க்கா."

"உன் பொண்டாட்டி ரொம்ப நல்லவடா. அதான் பயம். ஒரு தம்ளரைக்கூட என்னைக் கழுவ விடமாட்டா."

(அக்கா இப்போது இல்லை. கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தபோது இதயம் நின்றது. கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாடிப்படியை நினைத்து நீங்கள் கவலையோடு படிக்க வேண்டாம் என்றுதான் இப்போதே சொல்லிவிடுகிறேன்.)

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை திரையில் ஓர் உறை வந்து நின்றது. அக்கா நெடுநேரம் பார்த்தாள்.

"டேய், எழுத்து கலங்கலா இருக்கே. உனக்கு?"

தம்பிக்குப் பளிச்சென்று தெரிந்தது: 'கலங்கரை விளக்கம், மேல்தளம்.'

"எனக்கும் அப்படித்தான்க்கா இருக்கு."

"ஏன் அப்படி?"

"மெஷினுக்கு அவ்வளவுதான் தெளிவு. உன் டிவி ஃபோர்-கே, ரெண்டாயிரத்துக்கு மேல கோடு. இது அனுப்பறது ஆயிரத்தெண்பது கோடுதான். சின்னப் போர்வையைப் பெரிய கட்டிலுக்கு இழுத்து விட்ட மாதிரி."

"அப்போ கண்ணு இல்ல?"

"கண்ணு இல்ல."

அக்கா ஒரு பிஸ்கட்டை எடுத்து, அவனுக்கும் பாதி கொடுத்தாள்.

(தொழில்காரனாக ஒரு குறிப்பு. அவன் சொன்ன கணக்கில் பிழையில்லை. அந்தக் கருவி அன்றைக்கு அவ்வளவுதான் அனுப்பியது. மிச்சத்தை டிவி தானாக இட்டு நிரப்பும், ஓரங்கள் சற்று மழுங்கும். ஆனால் உறைமேல் இருந்த எழுத்தின் பருமனுக்கு அது ஒன்றுமே இல்லை.)

பொய் சொல்லிவிட்டால் அதற்குப் படி அளக்க வேண்டும். அன்றிலிருந்து தம்பியும் சேர்ந்து தப்பாகப் படித்தான். மீனவனுக்கு யாருடைய காதல் கடிதமோ போனது. பாதிரியாருக்குத் தையல்காரியின் அளவுச் சீட்டு போனது. தீவுக்காரர்களின் புகார்கள் திரையில் வரும். தம்பி அவற்றைக் குரல் மாற்றி வாசித்துக் காட்டுவான்.

"'அம்மா தபால்காரி, எனக்கு ஏன் இடுப்பளவு வந்திருக்கிறது?'"

அக்கா இருமல் வரும்வரை சிரிப்பாள். "முப்பது வருஷத்துல ஒரு மாத்திரை மாத்திக் குடுத்ததில்லடா நான். இங்க வந்து ஒரு ஊரையே கவுத்துட்டேனே!"

4

சில மாதங்கள் கழித்து, கருவியை இயக்கியதும் திரையில் ஒரு நீலக் கட்டம் வந்தது. 'மென்பொருள் புதுப்பிப்பு: ஃபோர்-கே வெளியீடு சேர்க்கப்பட்டுள்ளது. இயக்கவா? ஆம் / இல்லை.'

தம்பிக்கு இது புதுச் செய்தியில்லை. அந்த வாரம் முழுக்கக் கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் "வரும், தாராளமா வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தத் தபால் கேமையும் புதுத் தெளிவுக்கு மாற்றி வரைந்திருந்தார்கள்.

"என்னடா போட்டிருக்கு?"

'ஆம்' அழுத்தினால் படம் தெளிந்துவிடும். தெளிந்த படமும் அவளுக்குக் கலங்கித் தெரிந்தால், அடுத்த ஞாயிறு மூட்டை தயாராக இருக்கும்.

"சார்ஜ் பத்தி என்னவோ" என்று சொல்லி 'இல்லை'யை அழுத்தினான்.

[இந்த இடத்தில் தம்பியை நான் சந்தேகிக்கிறேன். அக்கா அவள் வீட்டில் அவள் இஷ்டப்படி இருக்கட்டும் என்றா செய்தான்? அவன் வீட்டுக்கு வந்துவிட்டால் அவளைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். ஞாயிறு மதியம் அவனுக்கு மட்டும் கிடைக்காது.]

5

கடைசிக்கு முந்தைய ஞாயிறு. உறையில் 'ரொட்டிக்கடை' என்று இருந்தது. தம்பி கண்ணைச் சுருக்கி, சிரமப்படுவதுபோல் நடித்து, "கொல்லன் பட்டறை" என்றான்.

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தாள். திருப்பியபடியே, "ரொட்டிக்கடைன்னுல்ல இருக்கு?" என்றாள்.

தம்பிக்குக் காது சுட்டது. "அப்படியா?" என்றான்.

"சரி விடு. நீ சொன்ன இடத்துலயே போடு."

போட்டேன். கொல்லன் சுத்தியலும் கையுமாக வந்து கத்தினான். அக்கா வழக்கம்போலவே சிரித்தாள்.

('போட்டான்' என்று எழுதியிருக்க வேண்டும். திருத்தப் போவதில்லை.)

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அவள் போன பிறகு நான் கருவியைத் திறந்து பார்க்கிறேன். அமைப்பில் 'ஆம்' என்றிருக்கிறது. அவளே எப்போதோ மாற்றியிருக்கிறாள். அழகான முடிவுதான். ஆனால் படம் மாறியிருந்தால் டிவிக்காரனான எனக்குத் தெரியாமல் போயிருக்குமா? குப்பைக்கு.

இரண்டு: ஆஸ்பத்திரிக் கட்டில். அக்கா என் கையைப் பிடித்து, "எனக்கு எல்லாம் தெரியும்டா—"

கட்டிலே கிடையாது. கடைத்தெருவும், அவள் பையில் ஒரு சோப்பும் தீப்பெட்டியும்தான்.

மூன்று: ஓரம் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே. முகத்தைத் திருப்பி, ஓரக் கண்ணால் படிக்க அவள் பழகிக்கொண்டாள். இதைத்தான் நம்புகிறேன். நம்பினால் அடுத்த கேள்வி வருகிறது: எந்த ஞாயிற்றிலிருந்து? மீனவனுக்குக் காதல் கடிதம் போனபோதே படித்துவிட்டாளா? அப்படியானால் நான் அவளுக்காகத் தப்பாகப் படித்த அத்தனை மதியங்களும், அவள் எனக்காக—

இந்த வாக்கியத்தை நாலு தடவை தொடங்கிவிட்டேன்.

7

நேற்று அந்த வாடிக்கையாளர் மறுபடி வந்தார். "வரும்" என்றேன். "இதைச் சொல்லவா ஒரு வாரம்?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அக்காவின் கருவியைக் கடை டிவியில் மாட்டி, 'ஆம்' அழுத்தினேன். படம் துல்லியமாக வந்தது. ரொட்டிக்கடைக் கூரையின் ஓடுகளை எண்ணலாம் போல இருந்தது. ஓர் உறை வந்து நின்றது. 'மீனவர் குடியிருப்பு, மூன்றாவது வீடு.' ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது.

சரியான வீட்டில் போட்டால் தீவில் யாரும் புகார் சொல்லமாட்டார்கள். கருவியை இன்னும் அணைக்கவில்லை. எங்கே போடட்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன இடத்திலேயே போடுகிறேன்.