கடைசி அரைச் சுற்று

பாடையைத் தூக்கக் குனிந்தபோது ஏகாம்பரத்தின் மடியிலிருந்து ஒரு போல்ட் உருண்டு விழுந்தது. தம்பி குமரப்பனின் டீக்கடை அடுப்புக்காகக் காலையில்தான் திருக்கோகர்ணம் போய் வாங்கியிருந்தார். திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தம்பி வீட்டிலிருந்து ஒப்பாரி கேட்டது.

விறகுக்கடை அழகுமலை அந்த போல்ட்டை எடுத்துப் பார்த்தான்.

"கருப்பு போல்ட்டு, பித்தளை நட்டு. வெள்ளைப் பூச்சு போட்டதுன்னா சூட்டுல நாறும். இரும்பு நட்டுன்னா துருவேறிக் கழட்ட வராது. தம்பி சொல்லி அனுப்புச்சாக்கும்?"

ஏகாம்பரம் அதை வாங்கி மறுபடி மடியில் செருகிக்கொண்டார். தம்பிக்கு ஒரு வாரமாகவே வாய்ப்பேச்சு நின்றுபோயிருந்தது. அவன் வீட்டுக்காரி தனலட்சுமியும் இவரும் அதை வெளியே சொல்லவில்லை. இரும்புக்கடையில் மூன்று தினுசையும் கொட்டச் சொல்லி, உரசிப் பார்த்துப் பொறுக்கியது இவரேதான். இழவு வீட்டில் அதை எப்படிச் சொல்வது?

அடுப்பை மலேயாவிலிருந்து கொண்டுவந்தவன் குமரப்பன். போல்ட் துருவேறியதும் பிரித்துப் போட்டவனும் அவனே. விராலிமலையில் எதற்கும் குமரப்பன்தான். மூத்தவன் ஒருத்தன் இருப்பது பந்தலுக்குக் கால் நடும்போதுதான் ஊருக்கு ஞாபகம் வரும். இப்போது இந்த போல்ட்டும் செத்தவன் சாமர்த்தியமாகிவிட்டது.

பால் தெளித்துக் காடாத்து முடிந்த மறுநாள் கடையைத் திறந்தார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனலட்சுமி எத்தனை நாள் மூடி வைப்பாள்? பிரித்துக் கிடந்த அடுப்பை ஏகாம்பரம் புது போல்ட் போட்டுப் பூட்டினார். நாலு பேர் சுற்றி நின்றார்கள்.

"ரொம்ப முடுக்காதீங்கண்ணே. சூட்டுல தகடு விரியும், அரைச் சுத்து விடணும்னு குமரப்பன் சொல்லும்" என்றான் அழகுமலை.

"எனக்கு ஒருத்தனும் சொல்லித் தர வேணாம்."

விட வேண்டும் என்று அவருக்கும் தெரியும். ஸ்பானரை அழுத்தி அந்த அரைச் சுற்றையும் முடுக்கினார்.

பால் சூடேறும்போது 'டிக்' என்றது. வார்ப்பிரும்பு மேல்தட்டில் முடி மாதிரி ஒரு கோடு விளிம்புவரை ஓடியது. அதன் வழியே புகை கசிந்தது.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"தம்பி சொன்னபடிதான் முடுக்குனேன்" என்றார் ஏகாம்பரம். "போறதுக்கு முந்தின நாள் எங்கிட்டச் சொன்னான்."

"அதுவே சொல்லுச்சா" என்று அழகுமலை தலையாட்டினான். "அப்ப தகடுதான் பழசு."

அடுப்புக்கு அங்கிட்டு நின்ற தனலட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பால் பாத்திரத்தைக் கீறலைவிட்டு நகர்த்தி வைத்தாள். முதல் டீயை ஆற்றி, மற்றவர்களுக்கு முன்னால் அவரிடம் நீட்டினாள்.

"குடிங்க."

கிளாஸ் சுட்டது. அவர் கீழே வைக்கவில்லை.