கல்லறையா, நெருப்பா

மலாயாவின் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்குச் சில வாரங்கள் இருந்தபோது பெனிட்டோவைப் பக்கவாதம் தாக்கியது. மணிலாவிலிருந்து வந்து மலாக்காவில் பேண்டு வாசித்தே கிழவரானவர். கண் விழித்தபோது, மனைவி அஞ்சலையோடு அவர் பேசி வந்த மலாய் அடியோடு போயிருந்தது. சிறுவயதில் வீட்டில் பேசிய ஸ்பானிஷ் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது.

இனி எழ மாட்டார் என்று டாக்டர் சொன்ன அன்றே சண்டை தொடங்கியது. சர்ச்சில் ஞானஸ்நானம் பெற்றவரைக் கல்லறையில்தான் வைக்க வேண்டும் என்றார்கள் அவருடைய சர்ச்காரர்கள். முருகன் கோயிலில் தாலி கட்டியவரை எரிக்கத்தான் வேண்டும் என்றார் அஞ்சலையின் அண்ணன் பொன்னுதுரை. கணவரின் விருப்பத்தை அவர் வாயாலேயே தெரிந்துகொள்ள நினைத்தாள் அஞ்சலை.

அவர்கள் குடியிருந்த காஜா பெராங்கில் ஸ்பானிஷ் தெரிந்தவர் மாணிக்கவாசகம் ஒருவர்தான்; மணிலாவில் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். தானே கேட்டுச் சொல்வதாக அவர் சொன்னதற்கு அவள் சம்மதிக்கவில்லை.

"உங்ககிட்ட மரியாதைக்கு எதையாவது சொல்லி வைப்பாரு அண்ணே. நான் கேக்கணும்."

கல்லறைக்கு 'தும்பா', நெருப்புக்கு 'ஃபுவேகோ'. அவர் சொல்லிக்கொடுத்த முதல் நாளே இரண்டும் அவளுக்குப் படிந்துவிட்டன. ஆனால் சாகக் கிடப்பவரிடம் கேட்கும் கேள்வி அழகாக இருக்க வேண்டும் என்று மாணிக்கவாசகம் 'தூய' என்ற சொல்லையும் சேர்த்தார். அங்கேதான் சிக்கல். ஸ்பானிஷில் உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு. கல்லறை பெண், நெருப்பு ஆண். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. முன்னால் நிற்கும் பெயரைப் பார்த்து, பின்னால் வரும் அடைமொழியும் தன் கடைசி எழுத்தை மாற்றிக்கொள்ளும்: 'தும்பா லிம்பியா', 'ஃபுவேகோ லிம்பியோ'. தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல மேசை. 'நல்ல' அசைவதே இல்லை. அசையாத சொல்லோடு வளர்ந்த அஞ்சலையின் நாக்கு, இரண்டுக்கும் 'லிம்பியோ' என்றே சொன்னது. அவர் விடாமல் திருத்தினார். ஒவ்வொரு மாலையும் புதிதாகத் தொடங்குவதுபோல, சலிக்காமல் விளக்கினார்.

ஒருநாள் அவள் பொறுமையிழந்தாள்.

"பசார்ல மீன் விக்கிற சீனத்திகிட்ட நான் பேசுற மலாயில எது அண்ணே சரியா இருக்கு? மீன் வாங்காமலா வர்றேன்?"

"சாகப்போற மனுஷன்கிட்ட மீன் வாங்குற பேச்சா பேசுவே?"

அதற்குப் பிறகு அவள் வாதாடவில்லை.

தெருவில் கொடித்தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், முழுக் கேள்வியும் பிசகில்லாமல் வந்தது. மாணிக்கவாசகம் சந்தோஷமாக அவள் கூடவே நடந்தார். முந்தின நாளிலிருந்து பெனிட்டோ பேசவில்லை. அசதி என்று அஞ்சலை நினைத்திருந்தாள்.

கட்டிலருகே குனிந்து கேட்டாள். ஒரு எழுத்தும் தவறவில்லை. அவர் கண்கள் அவள் முகத்தின்மேல் இருந்தன, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. மறுபடி கேட்டாள். பிறகு அழகையெல்லாம் விட்டுவிட்டு, "தும்பா? ஃபுவேகோ?" என்று மட்டும் கேட்டாள்.

மாணிக்கவாசகம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசலிலிருந்து பொன்னுதுரை, என்ன சொன்னார் என்று விசாரித்தார்.

அஞ்சலை பெனிட்டோவின் கடைவாயில் வழிந்த எச்சிலை முந்தானையால் துடைத்தாள்.

"ஒண்ணும் சொல்லல. நீங்களே பேசி முடிச்சுக்குங்க."