அண்ணாவி உறங்கும் நேரம்

"அண்ணாவி உறங்குதாவ. மூணு மணிக்கு மேல வாங்க" என்றார் கொம்பையா.

ஜெபசீலன் வாசல் பலகையை இன்னொரு முறை படித்தான். 'பிடில் வித்துவான் காந்திமதிநாத அண்ணாவி வாழ்ந்த இல்லம். பொதுஜனங்கள் பார்வையிடலாம்.' அண்ணாவி இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. கல்லிடைக்குறிச்சியே திரண்டு ஆற்றங்கரை வரை வழியனுப்பியது பத்திரிகையில்கூட வந்திருந்தது.

"அவர் காலமாகிவிட்டாரே" என்றான்.

"காலமானா என்ன சார்வாள்? உண்ட மயக்கம் எல்லாருக்கும் உள்ளதுதான்."

அண்ணாவிக்குக் கால் பிடித்து, வெற்றிலை மடித்துக் கொடுத்தே தலை நரைத்தவர் கொம்பையா. ஊர்ப் பெரிய மனிதர்கள் வீட்டைக் காட்சிச்சாலையாக்கி அவரையே காவலுக்கு வைத்தார்கள். பட்டணத்துக் காட்சிச்சாலையை அவர் கண்டதில்லை. அவருக்குத் தெரிந்தது கோயில் ஒன்றுதான். ஆகவே காலையில் அண்ணாவியின் படத்தை எழுப்பினார். காப்பி வைத்தார். சாப்பாடு வைத்து நடை சாத்தினார். சனிக்கிழமைகளில் அண்ணாவியின் நாற்காலிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். பார்க்க வந்தவர்களும் இதில் குறை காணவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஜெபசீலனும் காத்திருந்தான். பி.ஏ. பட்டம் பெற்றவன், பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். அண்ணாவி போன அதே மாதம் அவன் மனைவி பியூலா காய்ச்சலில் போனாள். அவளுடைய பிடிலில் தந்தி முறுக்கும் பிருடை வழுக்குகிறதென்று, அவள் அப்பாவுக்குச் சிநேகிதரான அண்ணாவி சரிபண்ணித் தர வாங்கிக்கொண்டு போயிருந்தார். திருப்பிக் கொடுக்க அவரும் இல்லை, வாங்கிக்கொள்ள அவளும் இல்லை. சேலைகளைத் தங்கைமார் கேட்டார்கள், கொடுத்தான். நகைகளை மாமியார் கேட்டாள், கொடுத்தான். யார் எதைக் கேட்டாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். ஒருநாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது அவளுடையதென்று ஒன்றுமே மிஞ்சவில்லை. வெளியே இருந்தது அந்தப் பிடில் மட்டும்தான். அதை வாங்கிப் போகத்தான் ரயிலேறி வந்திருந்தான்.

மூன்று மணிக்குக் கொம்பையா உள்ளே போய் மெல்லக் கனைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

நாற்காலி, குடை, எச்சில் படிக்கம், பூ வைத்த மிதியடி. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் சந்தனமும் குங்குமமும் பூசிய பிடில்.

"பாவநாசத்துல அண்ணாவி இதை வாசிச்சப்போ, ஏத்தாத விளக்கு தானா எரிஞ்சுது. அதுல ஒரு பொறி தெறிச்சுது. அங்கன பாருங்க, பொசுங்கின தடம்."

"அது கிறிஸ்மஸ் மெழுகுவத்தி" என்றான் ஜெபசீலன். "பிடிலை மேஜையில் வைத்துவிட்டு என் மனைவி முறுக்கு எடுக்கப் போனாள். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அவள் பெயரின் முதலெழுத்தைக் கீறி வைத்திருப்பாள்."

கொம்பையா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பிடிலைத் திருப்பினார். சந்தனத்தைச் சுரண்டினார். எழுத்து இருந்தது.

"உம்ம சாமான்தான். ஆனா குடுக்க எனக்கு உரிமையில்லை."

"ஊர்ப் பெரியவர்களைக் கேட்கட்டுமா?"

"அவங்களுக்கு என்ன தெரியும்? அண்ணாவி வீட்டுல இருக்க பொருளு, அண்ணாவிகிட்டதான் கேக்கணும். பூக்கட்டிப் பாப்போம். வெள்ளைப் பூ வந்தா கொண்டு போங்க. சிவப்பு வந்தா பேசாமப் போயிரணும்."

ஜெபசீலன் கிறிஸ்தவ உபதேசியாரின் மகன். "நான் வேதக்காரன் ஐயா. சாமி முன்னால் பூக்கட்டிப் பார்க்க மாட்டேன்."

"அண்ணாவி சாமியா? மனுஷன்தானே. மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கதுல என்ன சார்வாள் தப்பு?"

"சரி, ஒரு வார்த்தை கேளுங்கள்" என்றான் ஜெபசீலன்.

கொம்பையாவின் மனைவி இசக்கித்தாய் இரண்டு இலைப் பொட்டலங்களைக் கட்டிக் கொண்டுவந்து படத்தின் முன்னால் போட்டாள். ஜெபசீலன் குனிந்தான்.

"நம்பிக்கை இல்லைன்னீங்க, கண்ணை எதுக்கு மூடுதீங்க?" என்றார் கொம்பையா.

பிரித்தான். சிவப்பு அரளி.

"இன்னொரு தடவை போடுங்கள்" என்றான். தன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. ஒரு வருஷமாக அவன் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

"அண்ணாவி சொன்னாச் சொன்னதுதான். கச்சேரியிலேயே திருப்பி வாசிக்கச் சொன்னா எந்திரிச்சுப் போயிருவாவ" என்றபடி கொம்பையா மற்றப் பொட்டலத்தை எடுத்தார். நார் அவிழ்ந்தது. அதிலும் சிவப்பு அரளி.

"ஏட்டி, ரெண்டும் அரளியா?"

"வெள்ளைப் பூ இல்லை."

"வாசல்ல நந்தியாவட்டை பூத்துக் கொட்டுது."

"பின்னே என்ன செய்யச் சொல்லுதீரு?" என்றாள் இசக்கித்தாய். "அண்ணாவி பிடிலையெல்லாம் மகன்மார் கொண்டு போயிட்டாவ. இருக்கது இது ஒண்ணு. இதையும் குடுத்துட்டு, வாரவங்களுக்கு எச்சில் படிக்கத்தையா காட்டுவீரு? வீட்டைப் பூட்டிட்டுப் போங்கன்னா நாம எங்கன போவோம்?"

அப்போதுதான் ஜெபசீலனுக்கு விளங்கியது. ஒரு வருஷமாக நாலு தாலுகா ஜனங்களும் வந்து கும்பிட்டது பியூலாவின் பிடிலை. அவளுக்கு இரண்டு பாட்டுத்தான் வரும். இரண்டாவதை ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து தெருவுக்குப் போய்விடும்.

அவன் சிரித்தான். நிறுத்த முடியவில்லை. புருஷனும் பெண்சாதியும் பயந்துபோய் அவனையே பார்த்தார்கள்.

"நீங்க கொண்டு போங்க சார்வாள்" என்றார் கொம்பையா. "அண்ணாவி முன்னால கள்ளப்பூ வச்சாச்சு. இனி இது இங்கன இருக்கக்கூடாது." துண்டால் சந்தனத்தைத் துடைத்து, பிடிலை அது வந்த மரப்பெட்டியில் வைத்து மூடி அவன் கையில் கொடுத்தார். இசக்கித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் வாசலைத் தாண்டுமுன் களக்காட்டிலிருந்து ஒரு வில்வண்டி வந்து நின்றது. பூக்கூடையோடு முதலில் இறங்கிய பார்வதியம்மாள் நேரே உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள்.

"பிடில் எங்க?"

கொம்பையா கண்ணாடிப் பெட்டியை மூடினார். "அண்ணாவி கச்சேரிக்குப் போயிருக்காவ."

"அப்படியா" என்றாள். "வரட்டும். இருந்து பாத்துட்டே போறோம்." கூட வந்தவர்கள் பாயை விரித்தார்கள். ஒருவர் கட்டுச்சோற்றை அவிழ்த்தார்.

கொம்பையா வாசலைப் பார்த்தார். ஜெபசீலன் திரும்பி வந்தான்.

"இன்றைக்கு வர மாட்டார் அம்மா. பாளையங்கோட்டையில் கச்சேரி."

"எப்பத் திரும்புவாவ?"

இசக்கித்தாய் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பெட்டியைக் கை மாற்றினான்.

"கொஞ்ச நாள் ஆகும். பிறகு நானே கொண்டுவந்து விடுகிறேன்."

"நீங்க?"

"பெட்டி தூக்குகிறவன்."

"வேதக்கார ஊராச்சே. நல்லா ரசிப்பாவளா?"

"ஒரு வீட்டில் ரசிப்பார்கள்" என்றான்.

"அது போதும்" என்று பார்வதியம்மாள் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பைய கொண்டு போங்க. குலுங்கப் போவுது." மற்றவர்களும் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். எல்லோரும் தொட்டு முடிக்கும்வரை ஜெபசீலன் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான்.