சுவரின் உட்பக்கம்

“சுவர் நிக்குது சார்” என்று அவள் மேலதிகாரியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இரும்பு கான்கிரீட்டில் மோதுகிற சத்தம். ஆறு எதையோ அடித்துக்கொண்டு வந்து முட்டுகிறது என்று எட்டிப் பார்த்தாள். ஆற்றுப் பக்கம் ஒன்றுமில்லை. கலங்கல் தண்ணீர் சுவரை உரசிக்கொண்டு போனது. சத்தம் ஊர்ப் பக்கமிருந்து வந்தது.

நகரத்தின் வெள்ளத் தடுப்புச் சுவரைக் கட்டி முடிக்கும் பொறுப்பு அவளுடையது. ஒப்பந்தக்காரரிடம் கெஞ்சி, மிரட்டி, இடம் கொடுக்க மறுத்தவர்களின் வாசலில் பழியாய்க் கிடந்து எழுப்பிய சுவர். உள்ளே தேங்கும் மழைத் தண்ணீரை ஆற்றில் இறைக்க வேண்டிய பம்ப் மோட்டார்கள் மட்டும் வந்து சேரவில்லை. மழைக்கு முன்னால் சுவரையாவது முடிப்போம் என்று முடிவெடுத்தவளும் அவள்தான். ஆறு ஏறத் தொடங்கியதும், அது உள்ளே வந்துவிடாதபடி, தெருத் தண்ணீர் வெளியே போகிற மதகுக் கதவை இறக்கச் சொன்னாள். விடிந்ததிலிருந்து ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். கணவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

சுவரின் மேல் நடைபாதையில் ஓடி வளைவைத் திரும்பியதும் அவள் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. அவளுடைய தெரு அது. தெரு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஜன்னல்களின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள் இருந்தது. ஒரு கும்பல் சுவரை இடித்துக்கொண்டிருந்தது. நடுவில், இடுப்பளவுத் தண்ணீரில், கண்ணாடி இல்லாமல், கடப்பாரையை ஓங்கியபடி அவள் கணவர். வீட்டில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மனிதர்.

“என்னங்க பண்றீங்க?” குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினாள்.

அவர் நிமிர்ந்தார். யாரோ மூன்றாம் மனுஷியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“அம்மா கட்டிலை மேசை மேல தூக்கி வச்சிருக்கேன். அதையும் தண்ணி தொட்டுடுச்சு. இனிமே எங்கே தூக்குறது, சொல்லு.”

படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரின் முகம் அவள் கண்ணுக்குள் வந்துபோனது.

“மேலணையைத் திறந்துட்டாங்க, அந்தத் தண்ணி வந்துட்டிருக்குங்க. சுவர் உடைஞ்சா ஊரே போயிடும்!”

“ஊர் உள்ளேயே போயிட்டிருக்கு. நீ இந்தப் பக்கம் திரும்பியே பாக்கல.”

அவள் சுவரின் இரண்டு பக்கமும் பார்த்தாள். தெருத் தண்ணீர் ஆற்றைவிட உயரத்தில் இருந்தது. இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பே தேவையில்லை, தலையைத் திருப்பியிருந்தால் போதும். கையிலிருந்த போனில் மேலதிகாரி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். “கதவத் தொடாதீங்கம்மா. அப்புறம் என்னால உங்களக் காப்பாத்த முடியாது.” அவள் இணைப்பைத் துண்டித்துப் போனைப் பையில் போட்டாள்.

“உடைக்காதீங்க! கதவைத் திறக்கிறேன். ஆனா நான் மூடணும்னு சொன்னா மூட விடணும்.”

“மொதல்ல திறம்மா, அப்புறம் பாக்கலாம்” என்றார் தெருவின் பால்காரர், கடப்பாரையைக் கீழே வைக்காமல்.

கணவர் சுவர் மேல் ஏறி வந்தார்; கதவைத் தூக்கும் இரும்புச் சக்கரத்தை இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். முக்கி முனகிக் கதவு ஏறியது. தண்ணீர் இரைந்துகொண்டு வெளியே பாய்ந்தது. செருப்பு, தலையணை, யாரோ வீட்டு அரிசி டப்பா எல்லாம் அதோடு போயின. வீட்டுச் சுவர்களில் ஈரக்கோடு விட்டுத் தண்ணீர் மெல்ல இறங்கியது. யாரோ சிரித்தார்கள், யாரோ ஓவென்று அழுதார்கள். “கட்டிலை விட்டு இறங்கிடுச்சு!” என்று அவர்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. ஆற்றின் மேல்பக்கம் காவலில் இருந்த ஊழியர். “மேடம், அணைத் தண்ணி பாலத்தத் தாண்டிடுச்சு. மரம் மரமா வருது.”

கதவு ஏறியதைப் போலவே மெதுவாகத்தான் இறங்கும். ஆறு உயர்ந்து உள்ளே திரும்புவதற்குள், தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே மூட ஆரம்பித்தால்தான் உண்டு.

“மூடணும்” என்றாள்.

“இன்னும் முழங்காலுக்கு நிக்குதே! கண்ணு முன்னாடி வடியுதே!” பால்காரர் சுவர் மேல் ஏறிச் சக்கரத்தை நோக்கி வந்தார். அவருக்குப் பின்னால் கும்பலும் வந்தது.

அவள் சக்கரத்தைப் பற்றினாள். அவள் கைக்கு மேல் கணவரின் கை வந்து இறுக்கியது. எந்தப் பக்கம் சுற்றப்போகிறார் என்று தெரியவில்லை. கீழே ஒரு நீலப் பிளாஸ்டிக் குடம் தள்ளாடித் தள்ளாடி, திறந்த கதவின் அடியில் நுழைந்து ஆற்றுக்குள் போனது.