வேலாயியின் ரேடியோத் தமிழ்

சீமையில் பெரிய பட்டத்துக்குப் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி கந்தப்பளையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தாள். என்ன படிப்பு என்று கேட்டேன். நீங்கள் பேசுகிற தமிழைத்தான் ஆராய்கிறேன் என்றாள். எங்கள் பேச்சைப் படிக்க யாராவது கப்பலேறிச் சீமைக்குப் போவார்களா? எனக்கு அப்போதே பொறி தட்டியது.

பெயர் குணபூசணி. பள்ளிப் புத்தகத் தமிழ் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் ஏறவில்லை என்று கண்டுபிடித்து, அவர்கள் பேச்சிலிருந்தே தொடங்கும் பாடப்புத்தகம் எழுதப் போகிறாளாம். கையில் பேச்சைப் பிடிக்கும் மிஷின். அதன் முன்னால் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, "உங்கட ஆக்கள் இந்தியாவில எந்த ஊர்?" என்று கேட்டாள்.

1959இல் அந்தக் கேள்விதான் எங்களுக்கு எமன். இலங்கைக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டவர்களை விசாரிக்கையில் அதிகாரி தேனொழுகக் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பழனியாண்டி, "முசிறிப் பக்கமுங்க" என்று பல்லைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தான். ஊர் நினைப்பு போகாதவன் என்று அவன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். எங்கள் மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வர இருந்தது. நானும் என் மனைவி வேலாயியும் பிறந்தது இதே லயத்தில். எங்களுக்கு வேறு ஊர் கிடையாது.

பெரட்டுக் களத்தில் காலையில் வேலைக்குக் கூடியவர்களிடம் சொல்லிவைத்தேன். "அந்தப் பொண்ணு கேட்டா ரேடியோவுல நியூஸ் சொல்ற மாதிரி பேசுங்க. அவ கவர்மெண்டு ஆளாத்தான் இருக்கும், நம்ம பேச்ச வச்சே எந்த ஊருக்காரன்னு புடிச்சிருவாங்க."

கணக்கப்பிள்ளை வீட்டு ரேடியோவைக் கேட்டுக் கேட்டுப் பழகினோம். வேலாயிதான் கெட்டிக்காரி. மிஷின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, "நாங்கள் அதிகாலையில் எழுந்து கொழுந்து பறிக்கச் செல்கின்றோம்" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் குணபூசணி மிஷினை மூடினாள். முகம் வாடிப் போயிருந்தது.

"வீரய்யா அண்ணை, லயத்தில ஒருத்தரும் இப்பிடிக் கதைக்க மாட்டினம். எனக்கே விளங்குது. நான் அரசாங்கத்து ஆள் இல்லை, நம்புங்கோ."

அப்படிச் சொல்லத்தானே சொல்லி அனுப்பியிருப்பார்கள்? நாங்கள் எப்போதும் இப்படித்தான் என்று சாதித்து, அவளை பஸ் ஏற்றிவிட்டேன். ஜெயித்த மிதப்பில் வேலாயியிடம், "விசாரணையிலயும் இதே மாதிரி பேசு புள்ள" என்றேன்.

"நம்ம பேச்சு என்னங்க கெட்டுப்போச்சு?"

"முசிறி வாடை வீசுது."

விசாரணை அன்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். எங்கே பிறந்தாய், எத்தனை பிள்ளைகள், இந்தியாவில் யார் இருக்கிறார்கள். வேலாயி செய்தி வாசித்தாள். சொன்னது அத்தனையும் உண்மை. மொழிபெயர்ப்பாளர் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். தோட்டத்துப் பெண் யாரும் இப்படிப் பேச மாட்டாள், யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறாள் என்று அவர் அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னது எனக்கும் புரிந்தது.

பதறி எழுந்தேன். "இல்லீங்க ஐயா, நான்தான் இப்பிடிப் பேசச் சொன்னேன்."

அதையும் எழுதிக்கொண்டார்கள். சொல்லிக் கொடுத்த சாட்சி என்று மனு தள்ளுபடியானது. என் நாக்கை நானே இழுத்து அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. வேலாயி விசாரணை அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"இனி நாங்கள் எங்கே செல்வது?"

"இங்க யாரும் இல்ல புள்ள. நம்ம பேச்சுலயே பேசு" என்றேன்.

அவள் மறுபடியும் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.